ரிவார்ட் பாயின்ட்டை எதற்கு மாற்றுவது: விமான மைலா, ஹோட்டல் அறையா?

கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயின்ட்டைச் செலவழிக்க வங்கி பெரும்பாலும் நான்கு வழி தரும். மாத பில்லில் கழித்துக்கொள்ளலாம். வங்கியின் சொந்தப் பயணத் தளத்தில் டிக்கெட்டோ அறையோ எடுக்கலாம். ஏதாவது ஒரு விமான நிறுவனத்தின் மைலாக, அதாவது டிக்கெட் எடுக்க உதவும் அதன் சொந்தப் பாயின்ட்டாக, மாற்றலாம். இல்லையென்றால் ஹோட்டல் குழுமத்தின் பாயின்ட்டாக மாற்றலாம். முதல் இரண்டில் ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை பைசா என்பதை வங்கியே எழுதிவைத்திருக்கும். கடைசி இரண்டில் அதே பாயின்ட் 20 பைசாவாகவும் சுருங்கும், 2 ரூபாய்க்கு மேலும் போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு எகானமியில் போய்வரும் குடும்பத்துக்கு ஹோட்டல் பக்கம்தான் லாபம். ஒருவரோ இருவரோ நீண்ட தூரம் பிசினஸ் வகுப்பில் போக வேண்டும் என்றால் விமான மைலை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டிலும் சேராதவர்கள் வங்கித் தளத்திலேயே செலவழித்துவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் அடிவிலை

மாற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், மாற்றாவிட்டால் என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும். எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா கார்டை எடுத்துக்கொள்வோம். 150 ரூபாய் செலவுக்கு 5 பாயின்ட். அதை வங்கியின் பயணத் தளமான ஸ்மார்ட்பையில் விமானத்துக்கோ ஹோட்டலுக்கோ பயன்படுத்தினால் பாயின்ட்டுக்கு 1 ரூபாய். பில்லில் கழித்தால் 30 பைசாதான். அதே வங்கியின் ரெகாலியா கோல்டு கார்டில் ஸ்மார்ட்பை மதிப்பு 50 பைசா. ஆக, இன்ஃபினியா வைத்திருப்பவருக்கு 1 ரூபாயைத் தாண்டாத எந்த மாற்றமும் நஷ்டம். ரெகாலியா கோல்டுக்காரருக்கு 70 பைசா கிடைத்தாலே அது நல்ல மாற்றம். பக்கத்து மேசை நண்பருக்கு லாபமாக இருந்தது உங்களுக்கு ஏன் அப்படி இல்லை என்பதற்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

ஸ்மார்ட்பையிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இன்ஃபினியாவில் மொத்த விலையில் 70 சதவீதம் வரைதான் பாயின்ட்டால் கட்டலாம், மீதிக்குக் கைக்காசு வேண்டும்.

கணக்கு போடும் முறை எளிது. பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலையோ, அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்கு நீங்கள் கட்டும் வரியையும் கட்டணத்தையும் கழியுங்கள். வருவதை வங்கிப் பாயின்ட் எண்ணிக்கையால் வகுங்கள். மைல் எண்ணிக்கையால் வகுத்துவிடக் கூடாது. இரண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல் என்று வங்கி தந்தால், மைலுக்கு 1 ரூபாய் என்பது பாயின்ட்டுக்கு 50 பைசாதான்.

விமான மைல்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வர எகானமி டிக்கெட் 22,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மைலில் எடுத்தால் 40,000 மைலும் 6,000 ரூபாய் வரியும் கேட்கிறார்கள் என்றால், மைலுக்கு 40 பைசா. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே இப்படி. இரண்டுக்கு ஒன்று என்றால் 20 பைசா. போட்டி அதிகமுள்ள குறுகிய தடங்களில் பண விலையே தணிந்து கிடப்பதால் எகானமி மைல் டிக்கெட் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

நீண்ட தூர பிசினஸ் வகுப்பில் கதை வேறு. ஒரு வழிக்கு 2,20,000 ரூபாய் விலை உள்ள இருக்கை 1,00,000 மைலும் 20,000 ரூபாய் வரியும் என்று கிடைத்தால், மைலுக்கு 2 ரூபாய். இந்த எண்ணைக் காட்டித்தான் எல்லோரும் மைலைப் புகழ்கிறார்கள். ஆனால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கையிலிருந்து 2,20,000 கொடுத்து அந்த இருக்கையை வாங்கியிருப்பீர்களா? இல்லை, 50,000 ரூபாய் எகானமி டிக்கெட்டில்தான் போயிருப்பேன் என்றால், உங்கள் கையில் உண்மையில் மிச்சமான பணம் 30,000. அதாவது மைலுக்கு 30 பைசா. அதற்காக அந்த இருக்கை வீண் என்று சொல்லமாட்டேன். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மா, முட்டிவலியோடு அத்தனை மணி நேரம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை மனதில் வைத்துக் கணக்கு போடுங்கள், ஏர்லைன் தளத்தில் தெரியும் விலையை வைத்து வேண்டாம். எனக்குத் தெரிந்து பாயின்ட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது. வயதான பெற்றோருக்காக மைல் சேர்ப்பவர்களிடம் ஹோட்டல் பக்கம் போங்கள் என்று நான் சொல்வதே இல்லை.

சரி, எந்த மைல்? தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர் முக்கியமானது. 2017 மார்ச்சிலிருந்து தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுக்கு அது எரிபொருள் சர்சார்ஜ் எனும் கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் கையிலிருந்து கட்டும் தொகை சிறியது. இரண்டும் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கூட்டணி வழியாக ஏர் இந்தியா விமானத்துக்கும் அந்த மைல் செல்லும். உங்கள் கணக்கிலிருந்து குடும்பத்தினர் ஐந்து பேர் வரை பதிவு செய்து அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம். குறை என்னவென்றால், மைலுக்கு மூன்று வருட ஆயுள்தான், இடையில் கணக்கைப் பயன்படுத்தினாலும் சாதாரண உறுப்பினருக்கு அது நீளாது. அப்புறம், குறைந்த மைலில் கிடைக்கும் சேவர் இருக்கைகள் மே மாத விடுமுறையிலும் டிசம்பரிலும் சுலபத்தில் அகப்படாது.

ஏவியோஸ் இன்னொரு வகை. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் எல்லாம் இந்த ஒரே நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. கத்தார் 2022-லும் ஃபின்ஏர் 2024-லும் சேர்ந்தன. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டணமில்லாமல் நகர்த்தலாம். ஆகவே வங்கியின் பட்டியலில் ஃபின்ஏர் பெயரைப் பார்த்து, சென்னைக்கும் பின்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது கத்தார் விமானத்தில் தோகா வழியாக ஐரோப்பா போகும் வழியாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கில் கூட்டாளி விமானங்களுக்குத் தூரத்தை வைத்துத்தான் விலை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014-லிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் உள்ள ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருப்பதால், சென்னை–கொழும்பு போன்ற சுமார் 650 கிலோமீட்டர் தடம் மிகக் குறைந்த படியில் விழும். பண்டிகை நேரத்தில் பண விலை ஏறும்போது இது கைகொடுக்கும். ஆனால் அதே ஏவியோஸைக் கொண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் லண்டன் போனால் சர்சார்ஜே பெரும் தொகையாக வந்து நிற்கும். லண்டனிலிருந்து கிளம்பும்போது பிரிட்டிஷ் அரசின் பயணி வரி வேறு, பிசினஸ் வகுப்புக்கு அது இன்னும் கூடுதல்.

ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் நிறுவனங்களின் ஃபிளையிங் புளூவில் மாதாமாதம் சில தடங்களுக்குத் தள்ளுபடி வரும். ஊரும் தேதியும் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு அது நல்லது.

ஹோட்டல் பாயின்ட்

விமானத்தில் தலைக்கு ஒரு இருக்கை, ஹோட்டலில் எல்லோருக்கும் ஒரு அறை. நான்கு பேர் குடும்பத்துக்கு மைல் நான்கு மடங்கு வேண்டும், அதுவும் ஒரே விமானத்தில் நான்கு சேவர் இருக்கை கிடைக்க வேண்டும். அறையில் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் அதே பாயின்ட்டில் நால்வரும் தங்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே குடும்பஸ்தர்களுக்கு நான் ஹோட்டலைச் சொல்கிறேன்.

அக்கோர் குழுமத்தின் ஆல் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் எந்த மர்மமும் இல்லை. 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ, எந்த நாட்டிலும் எந்த நாளிலும் இதே கணக்கு. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால், ஒரு அக்கோர் பாயின்ட் 2 ரூபாய். வங்கி ஒன்றுக்கு ஒன்று தந்தால் உங்கள் பாயின்ட் 2 ரூபாய், இரண்டுக்கு ஒன்று தந்தால் 1 ரூபாய், ஒன்றுக்கு இரண்டு தந்தால் 4 ரூபாய். சேவர் இருக்கை தேடி இரவெல்லாம் உட்கார வேண்டாம். நோவோடெல், ஐபிஸ், மெர்க்யூர் என்று நடுத்தர விலை ஹோட்டல்களும் இதில் உண்டு. சென்னை சேமியர்ஸ் சாலை நோவோடெலில் ஒரு வார இறுதி தங்கவும் உதவும், பாரிஸில் அறை எடுக்கவும் உதவும். தங்கியிருக்கும்போது சாப்பாட்டு பில்லிலும் கழிக்கலாம். கவனிக்க வேண்டியது ஆயுள்: 365 நாள் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் பாயின்ட் போய்விடும்.

மேரியட் ஹோட்டல் குழுமத்தின் பான்வாய் திட்டம் அப்படி இல்லை. 2022-ல் நிலையான பாயின்ட் பட்டியலை எடுத்துவிட்டார்கள். இப்போது அறையின் பண விலை ஏறினால் பாயின்ட் விலையும் ஏறும். இருந்தாலும் இரண்டு விஷயங்கள் அதற்குச் சாதகம். பாயின்ட்டில் எடுத்த அறைக்கு வரி தனியாகக் கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதால் இது சின்னத் தொகை இல்லை. அடுத்தது, ஐந்து இரவு எடுத்தால் நான்கு இரவுக்குத்தான் பாயின்ட். 10,000 ரூபாய் அறை வரியோடு 11,800 ஆகிறது, அதற்கு 15,000 பாயின்ட் கேட்கிறார்கள் என்றால் பாயின்ட்டுக்குச் சுமார் 79 பைசா. ஐந்து இரவாக எடுத்தால் 59,000 ரூபாய் மதிப்புக்கு 60,000 பாயின்ட், கிட்டத்தட்ட 98 பைசா. வங்கி ஒன்றுக்கு ஒன்று தந்தாலும் இன்ஃபினியாவின் 1 ரூபாயை இது தொடவில்லை, உண்மைதான். ஆனால் வெளித்தளத்தில் எடுத்த அறைக்கு மேரியட் பாயின்ட்டும் உறுப்பினர் சலுகைகளும் பொதுவாகக் கிடைக்காது. பாயின்ட்டில் எடுத்த இரவுகளோ, தங்கிய இரவுகளை எண்ணி உறுப்பினர் நிலையை உயர்த்தும் அந்தஸ்துக் கணக்கில் சேரும். மதுரை, திருச்சி கோர்ட்யார்டிலிருந்து சென்னை கிராண்ட் சோழா வரை இதே கணக்கு செல்லும் என்பதால், பாயின்ட் தேங்கிக் கிடக்கும் பயம் குறைவு.

மேரியட் பாயின்ட்டைத் திரும்ப மைலாக்கும் வழியும் இருக்கிறது: மூன்றுக்கு ஒன்று, 60,000 மாற்றினால் பெரும்பாலான நிறுவனங்களில் 5,000 கூடுதல், ஆக 25,000 மைல். வங்கியிலிருந்து நேராக இரண்டுக்கு ஒன்று என்று மாற்றினாலே 30,000 வந்திருக்கும். வேறு வழியில்லாதபோது மட்டும் இதைத் தொடுங்கள்.

ஹில்டன் பாயின்ட் ஆயிரக்கணக்கில் குவியும், அதே வேகத்தில் கரையும். இந்தியாவுக்குள் அதன் ஹோட்டல்கள் குறைவு என்பதால் நான் அதற்கு மாற்றச் சொல்வதில்லை.

விகிதம் மாறும் நாள்

இவ்வளவு கணக்கும் வங்கி வைக்கும் விகிதத்தின்மேல் நிற்கிறது, அது எந்த நாளும் மாறலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு இதற்குப் பெரிய உதாரணம். மாதம் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால் 25,000 பாயின்ட், ஐந்து பாயின்ட்டுக்கு நான்கு மைல் என்று இருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் அந்த மாதப் பரிசு நின்றது, விகிதம் ஐந்துக்கு இரண்டு ஆனது, ஆண்டுக் கட்டணமும் 10,000-லிருந்து 12,500 ரூபாய்க்கு உயர்ந்தது. 1 லட்சம் பாயின்ட் வைத்திருந்தவருக்கு 80,000 மைல் 40,000 ஆகிவிட்டது. வருடத்துக்கு இத்தனைதான் மாற்றலாம் என்ற உச்சவரம்பும் வந்தது.

இதைப் பார்த்து, கையில் இருப்பதையெல்லாம் இன்றே மைலாக மாற்றிவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு முறை மாற்றினால் வங்கிக்குத் திரும்பாது. டிக்கெட்டை ரத்து செய்தாலும் மைல் ஏர்லைன் கணக்குக்குத்தான் வரும். ஒரே நகைக்கடையில் சீட்டு கட்டியது போலத்தான்: அங்கேதான் வாங்கலாம், அவர்கள் சொல்லும் அன்றைய விலைக்குத்தான் வாங்கலாம். வங்கியில் இருக்கும்வரை அது பத்துப் பன்னிரண்டு திட்டங்களுக்கான பாயின்ட், மாற்றிய நொடியில் ஒன்றுக்கு மட்டும். ஒரு பயணம் முடிவாகி, ஏர்லைன் தளத்தில் இருக்கை இருப்பதைப் பார்த்து, எல்லோருடைய லீவும் உறுதியான பிறகு மாற்றுங்கள். விகிதம் குறையப்போகிறது என்று வங்கி அறிவித்துவிட்டால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் அக்கோர் போல நிலையான விலை உள்ள இடத்துக்கு மாற்றுவதே பாதுகாப்பு.

மாற்றம் சில திட்டங்களில் நிமிடங்களில் முடியும், சிலவற்றில் நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் இருக்கை போய்விடலாம். ஹோட்டல் அறைக்கு இந்தப் படபடப்பு குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சில வங்கிகள் வாங்குகின்றன, அதனால் ஆயிரம் ஆயிரமாக மாற்றாமல் ஒரே தடவையாக மாற்றுங்கள். பில்லை முழுதாகக் கட்டாமல் வட்டிக்கு விடுபவர்களுக்கு இந்தக் கட்டுரையின் எந்தக் கணக்கும் பொருந்தாது. பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கே 3 சதவீதத்தைத் தாண்டும், எந்த மைலும் அதை ஈடுகட்டாது.

நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அது இனிஷியல். கார்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில், ஏர்லைன் கணக்கில் அவசரத்தில் அடித்த இன்னொரு வடிவம் என்று இருக்கும். கார்டுதாரரின் பெயரும் ஏர்லைன் அல்லது ஹோட்டலின் பாயின்ட் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றம் நிராகரிக்கப்படலாம். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். கணக்கு தொடங்க ஒரு ரூபாயும் ஆகாது. எனவே பயணம் பற்றிய பேச்சு எழும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி கணக்கைத் தொடங்கிவிடுங்கள். கார்டில் பெயர் வேறு மாதிரி இருந்தால் வங்கியில் எழுதிக்கொடுத்து மாற்றுங்கள். அது முடிந்த பிறகு குறைந்த அளவு பாயின்ட்டை மட்டும் அனுப்பி, சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.