ஏற்காட்டு மழைக்கும் மூட்டத்துக்கும் எந்த ரெக்கவரி சாமான்: கயிறா, பலகையா, வின்ச்சா, ஜாக்கியா?

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறுகிறவர்கள் குளிர்காலத்துக்கு ரெக்கவரி கிட், அதாவது மாட்டிக்கொண்ட வண்டியை மீட்கும் சாமான், வாங்கும்போது பெரும்பாலும் லடாக், மணாலி வீடியோ பார்த்துவிட்டுத்தான் பட்டியல் போடுகிறார்கள். டயருக்குச் சங்கிலி, மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் பெரிய வின்ச், நாலடி உயர ஃபார்ம் ஜாக்கி என்று போய்க்கொண்டே இருக்கும். சேர்வராயன் மலையில் இதில் பாதிக்கு வேலையே கிடையாது. ஐப்பசியில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை இங்கே மார்கழி வரைகூட இழுக்கும், எஸ்டேட் பாதையில் செம்மண் குழைந்து கிடக்கும், அதே நேரத்தில் காப்பிப் பழம் பறிக்கிற சீசன் வேறு என்பதால் டிராக்டரும் பிக்கப்பும் அந்தச் சேற்றை உழுது வைத்திருக்கும், மூட்டம் இறங்கிவிட்டால் பானெட்டுக்கு முன்னால் ரோடு தெரியாது. ஆக இங்கே வண்டி மாட்டுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில்தான். ஹோம்ஸ்டேவுக்கோ தோட்டத்துக்கோ இறங்கும் மண்பாதையில் சக்கரம் சுழன்று புதைவது ஒன்று. எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் ஓரக் கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கிவிடுவது இன்னொன்று. ஒன்றுக்குச் சரியாக வரும் சாமான் இன்னொன்றுக்கு வராது, சில சமயம் அதுவே ஆபத்தாகவும் முடியும். அதை மனதில் வைத்துதான் கீழே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

டயர்ச் சங்கிலியை முதலிலேயே தள்ளிவிடலாம். ஏற்காட்டில் பனி கொட்டி ரோட்டை மூடுவதில்லை. வெறும் தார் ரோட்டில் சங்கிலி போட்டு ஓட்டினால் டயரும் கெடும், ரோடும் கெடும். இமயமலைப் பக்கம் போகும்போது யோசித்தால் போதும்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் வண்டிக்குக் கீழே குனிந்து, கொக்கி மாட்ட எங்கே இடம் இருக்கிறது என்று பாருங்கள். மஹிந்திரா தார், ஜிம்னி, பொலேரோ மாதிரி தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய சேஸிஸ் வண்டிகளில் நிரந்தர டோ ஹூக் இருக்கும். இன்றைய சின்ன கார்களில் பம்பரில் ஒரு சின்ன மூடி, அதைப் பெயர்த்தால் மரை ஓட்டை. அதில் திருக வேண்டிய வளையம் டிக்கியில் ஜாக்கியோடு கிடக்கும். பல வண்டிகளில் அது இடது மரை. வழக்கம்போல வலப்பக்கம் திருகிவிட்டு ஏறவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு, ஆகவே வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். அந்த வளையம் பழுதான வண்டியை ரோட்டில் நேராக, மெதுவாக இழுப்பதற்கானது. சேற்றில் இருந்து வெடுக்கென்று வெட்டி இழுக்கவோ பக்கவாட்டில் இழுக்கவோ அதை நம்ப முடியாது.

சரி, கயிறு. கடையில் டோ பெல்ட் என்று தருவது பெரும்பாலும் பாலியெஸ்டர், அதிகம் நீளாது. கைனெடிக் ரோப் நைலான், இழுக்கும்போது முப்பது சதவீதம் வரை நீண்டு, அந்த இழுவையைச் சேர்த்து வைத்துக்கொண்டு புதைந்த வண்டியைப் பிடுங்கிக் கொடுக்கும். சேற்றுக்கு இரண்டில் கைனெடிக்தான் உசத்தி, சந்தேகமில்லை. ஆனால் அது வேலை செய்ய, இழுக்கிற வண்டி கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டுக்கொண்டு நேர்க்கோட்டில் சில மீட்டர் ஓடி வர வேண்டும். கயிறே ஒன்பது மீட்டர் நீளம், இரண்டு வண்டி, அதற்கு மேல் ஓட இடம். நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ எஸ்டேட் பாதைகளில் அவ்வளவு நேரான இடம் எத்தனை கிடைக்கும்? வளைவு, சரிவு, ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் காப்பிச் செடியோடு இறங்கும் பள்ளம். இழுக்கும் வண்டி அதே சேற்றில் நின்றுகொண்டு இழுத்தால் அதுவும் சேர்ந்து புதையும். ஆகவே கைனெடிக் ரோப் இரண்டு வண்டியாகப் போகிறவர்களுக்கு, இரண்டிலும் உருப்படியான ஹூக் இருந்தால் மட்டும். ஒற்றைக் காரில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு சாதாரண டோ பெல்ட்டே போதும்.

எந்தக் கயிறானாலும் அது அறுபடும் பலம் உங்கள் வண்டியின் மொத்த எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். ஆளும் சாமானுமாகத் தார் இரண்டு டன்னைத் தொட்டுவிடும், அப்படியானால் மூன்று மடங்குக் கணக்கில் ஆறு டன். பாக்கெட்டில் பெரிதாகப் பத்து டன் என்று அச்சடித்து, யார் தயாரித்தது, எத்தனை டன்னில் அறும் என்று பெல்ட்டில் எங்கேயும் தைக்காமல் விற்பதை நான் தொடுவதில்லை. இரண்டு முனையிலும் தகடு வளைத்த கொக்கி வைத்துத் தைத்த பெல்ட்டும் வேண்டாம். அந்தக் கொக்கி விரிந்து பறந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். முனையில் வெறும் கண் தைத்த பெல்ட்டாக வாங்கி, அதை ஹூக்கோடு இணைக்கும் வளையமான ஷேக்கிள் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு ஷேக்கிளா, சாஃப்ட் ஷேக்கிளா என்றால் எனக்கு சாஃப்ட் ஷேக்கிள். கயிற்றால் பின்னியது, எடையே இல்லை, ஏதாவது அறுந்தாலும் இரும்புக் குண்டாகப் பறக்காது. ஹூக்கின் விளிம்பு கூர்மையாக இருந்தால் மட்டும் இரும்பு, நாலே முக்கால் டன் வரை பளு ஏற்றலாம் (WLL) என்று வார்ப்பிலேயே பொறித்ததாகப் பார்த்து.

எஸ்டேட் பக்கம் மாட்டினால் ஆள் கிடைக்காமல் போகாது. "நகருங்க சார், இழுத்து விட்டுடலாம்" என்று டிராக்டர் வந்து நிற்கும். கூடவே ஓர் இரும்புச் சங்கிலியோ பழைய ஒயர் ரோப்போ வரும், உதவிக்கு வருகிற அண்ணன் அதை உங்கள் பம்பருக்குக் கீழே கைக்குச் சிக்கிய இடத்தில் மாட்டி ஒரே வெட்டாக வெட்டுவார். இரும்பு நீளாது, அந்த வெட்டு முழுவதும் உங்கள் வண்டிக்குத்தான். சொந்தப் பெல்ட்டும் இரண்டு ஷேக்கிளும் கைவசம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். "அண்ணே, இதைப் போட்டு மெதுவா இழுங்க" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள், பிள்ளைகளை நல்ல தூரத்தில் நிறுத்துங்கள், கயிற்றை யாரும் தாண்டக் கூடாது.

தனியாகப் போய்ச் சேற்றில் மாட்டினால் டிராக்ஷன் பலகை, அதாவது டயர் பிடித்து ஏறப் பல் வைத்த பிளாஸ்டிக் பலகை. டயருக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சரிவு எடுத்துவிட்டு, பலகையை டயருக்கு அடியில் நன்றாகத் திணித்து, ஃபர்ஸ்ட் கியரில் மெல்ல ஏற்றினால் வேலை செய்யும். ஆக்சிலேட்டரை மிதித்துச் சுழற்றினால் டயர் சூட்டில் பலகையின் பல் உருகி மொழுக்கென்று ஆகிவிடும். மலிவுப் பலகை குழிக்குக் குறுக்கே போட்டால் நடுவில் ஒடியும், நல்ல நைலான் பலகை வளைந்து நிமிரும். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் சின்ன காரில் பின் சீட்டை மடக்க வேண்டியிருக்கும், ஐந்து பேர் போகிற டூரில் அதற்கு வீட்டில் ஓட்டு கிடைக்காது. அதற்கு மாற்று கோணிச் சாக்கும் கல்லும். நாலு சாக்கு மடித்து வைத்தால் இடமே அடைக்காது. ஆனால் சக்கரம் சாக்கைப் பிடித்துப் பின்னால் வீசும், ஓரிரு முறை முயன்றதும் அது சேற்றோடு சேறாகிவிடும். நீளமான சேற்றுப் பாதை இருக்கிற தோட்டத்துக்கு அடிக்கடி போகிறவர் பலகை வாங்கலாம். வருஷத்தில் ஒரு முறை போகிறவருக்குச் சாக்கும் சின்ன மண்வெட்டியும் போதும், மண்வெட்டி இல்லாமல் இரண்டுமே உருப்படாது.

இதையெல்லாம் விட மலிவான வழி டயர் காற்றைக் குறைப்பது. முப்பத்திரண்டு பிஎஸ்ஐ இருப்பதை இருபதுக்கு இறக்கினால் டயர் மண்ணில் படியும் நீளம் கூடும், பலகை இல்லாமலே பல வண்டி ஏறிவிடும். ரொம்ப இறக்கினால் டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு நழுவும். அதே காற்றோடு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவது தற்கொலை, ஆகவே கம்ப்ரசர் கூடவே இருக்க வேண்டும். லைட்டர் சாக்கெட்டில் செருகுகிறது சின்ன காருக்குப் போதும். பெரிய டயருக்கு பேட்டரியில் நேராகக் கிளிப் போடுகிற வகைதான், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். பஞ்சருக்கும் உதவுகிற சாமான் என்பதால் இந்தப் பட்டியலில் யோசிக்காமல் வாங்கக்கூடியது இது ஒன்றுதான்.

வின்ச் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 9,500 பவுண்டு வின்ச் என்றால் கணக்குக்கு நாலு டன்னுக்கு மேல், ஆனால் அது டிரம்மில் கடைசிச் சுற்றுக் கயிறு மட்டும் இருக்கும்போது. கயிறு முழுக்கச் சுற்றியிருக்கையில் இழுவை நன்றாகவே குறையும். முழுப் பளுவில் நானூறு ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் உறிஞ்சும், பேட்டரி பழசானால் வண்டி அங்கேயே படுத்துவிடும். முன்பக்கம் கூடுதல் எடை. பம்பரையே மாற்றிப் பொருத்தினால் வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பாருக்கு (பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிச் சட்டம்) எதிராக மாநிலங்களுக்கு எழுதியதும் அந்தப் பிரிவைச் சொல்லித்தான். எல்லாம் சரி, எதில் கட்டி இழுப்பீர்கள்? நிற்பது எஸ்டேட்காரருடைய சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அகலமான பெல்ட் போடாமல் கயிற்றைச் சுற்றினால் பட்டை உரிந்து மரம் போகும். சொந்தத் தோட்டமும் சொந்த ஜீப்பும் உள்ளவருக்கு வின்ச் நியாயம். மற்றவர்களுக்கு, ஒர்க் ஷாப்பில் பயன்படுகிற கையால் இழுக்கும் லிவர் பிளாக் ஒன்று போதும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்தும், கை வலிக்கும், ஆனால் அவசரப்படவே முடியாத சாமான் என்பதே அதன் நல்ல குணம்.

இனி கால்வாயில் இறங்கிய சக்கரம். இங்கே கைனெடிக் ரோப் கூடவே கூடாது. சக்கரம் கான்கிரீட் விளிம்பில் முட்டிக்கொண்டு இருக்கும்போது வெட்டி இழுத்தால் சஸ்பென்ஷன் ஆர்ம் வளையும், இல்லை வண்டி சட்டென்று எகிறி நடு ரோட்டுக்கு வரும், மூட்டத்தில் எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. பலகையும் உதவாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் அதை எல்லாம் அந்தச் சக்கரத்துக்கே அனுப்பி அதை வெறுமனே சுற்ற வைக்கும். இங்கே ஜாக்கிதான் ராஜா. வண்டியைத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கல்லை அடுக்கி, இறக்கி, அப்புறம் மெதுவாக டோ பெல்ட்டில் ஓர் இழுவை.

எந்த ஜாக்கி? வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி தாழ்வான இடத்தில் நுழையும், ஆனால் அடி சின்னது, ஈர மண்ணில் வண்டியைத் தூக்குவதற்குப் பதில் தானே மண்ணுக்குள் போகும். பாட்டில் ஜாக்கி பலசாலி, ஆனால் உயரம் அதிகம், சாய்ந்து கிடக்கும் சின்ன காரின் கீழே நுழையாது. ஜீப் மாதிரி வண்டியின் ஆக்ஸிலுக்கு அடியில்தான் அதற்கு இடம். ஃபார்ம் ஜாக்கி பார்க்கக் கம்பீரம்தான், பிளாஸ்டிக் பம்பரில் அதை மாட்ட இடமில்லை, கை நழுவினால் கைப்பிடி தாடையைப் பெயர்க்கும். ஆக ஹேட்ச்பேக்குக்கு இருக்கிற கத்தரி ஜாக்கியே, கூட அதற்கு அடியில் வைக்க ஓரடிக்கு ஓரடி கனமான பலகைத் துண்டு ஒன்று. மரக்கடையில் கேட்டால் கழிவில் கிடைக்கும். தூக்குவதற்கு முன் மற்ற சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள், தூக்கிய வண்டிக்கு அடியில் தலையோ கையோ போக வேண்டாம், கல்லைக் கம்பால் தள்ளுங்கள். வளைவுக்கு மேலும் கீழும் எச்சரிக்கை முக்கோணத்தோடு ஓர் ஆளையும் நிறுத்துங்கள், மூட்டத்தில் முக்கோணம் மட்டும் போதாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதிரி நாளுக்கு எந்த கிட்டும் கிடையாது. அடிவாரத்திலேயே திரும்பிவிடுங்கள். மாற்றுப் பாதையான குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், அதுவும் மழை விட்ட பிறகு.

பணம் கொஞ்சம்தான் என்றால் நான் வாங்கும் வரிசை இது: கம்ப்ரசர், ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகைத் துண்டு, மண்வெட்டி, கண் தைத்த டோ பெல்ட், இரண்டு சாஃப்ட் ஷேக்கிள். அதற்கு மேல் இரண்டாவது வண்டி கூட வருமானால் கைனெடிக் ரோப், தோட்டப் பாதை அடிக்கடி என்றால் டிராக்ஷன் பலகை. நைலான் கயிற்றைச் சேறோடு சுருட்டி டிக்கியில் போடாதீர்கள், மணல் உள்ளே புகுந்து இழையை அறுக்கும். வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு எடுத்து வையுங்கள்.