கொதிநீரில் சாகாத என்சைம்: எட்டு மாதம் ஜிக்கரில் ஓட்டிப் பார்த்தபின்

பெருந்துறைப் பக்கம் ஒரு பிராசசிங் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாஸ்டர் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் படுக்கை விரிப்புக்கான கோரா துணி, அதாவது சலவை காணாத தறித்துணி. தறியில் அறுந்துபோகாமல் இருக்க, நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் அது அநேகமாக மரவள்ளி மாவுக் கஞ்சி. அதை முழுவதும் எடுத்த பிறகுதான் சலவையும் சாயமும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ரியாக்டிவ் சாயம் நூலை விட்டுவிட்டுக் கஞ்சியைப் பிடித்துக்கொள்ளும். சோப்புத் தொட்டியில் இரண்டும் சேர்ந்து கழன்று போனபின் துணியில் திட்டுத்திட்டாக வெளுப்பு தெரியும். ஏச்சு மட்டும் சாயக்காரனுக்கு.

கஞ்சியை எடுக்க எட்டு மாதமாக வெப்பம் தாங்கும் அமிலேஸ் வாங்குகிறோம். அமிலேஸ் என்பது மாவுச்சத்தை வெட்டிக் கரைக்கும் என்சைம். முப்பது கிலோ கேன், பழுப்பு நிறத் திரவம், புளித்த மாவு போன்ற ஒரு வாடை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சரக்கை இதே பேச்சோடு பலர் விற்கிறார்கள். நான் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வகை அமிலேஸை ஜிக்கரில், அதாவது துணியை இரண்டு உருளைகளுக்கிடையே மாற்றி மாற்றிச் சுற்றித் தொட்டியில் முக்கியெடுக்கும் எந்திரத்தில், அறுபத்தைந்து, எழுபது டிகிரியில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டுவோம். அதற்கு மேல் சூடேறினால் அது செத்துவிடும். புதியதைத் தொண்ணூறில் ஓட்டுகிறோம். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிகிறது. சூடு கூடினால் என்சைம் வேகமாக வெட்டும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. கஞ்சியோடு மெழுகும் கொழுப்பும் கலந்திருப்பார்கள். தொண்ணூறில் அவை உருகி வழி விடுகின்றன, காய்ந்து இறுகிய கஞ்சியும் நன்றாக ஊறி உப்புகிறது, என்சைம் உள்ளே போக முடிகிறது. வைப்பிலும் தொல்லை இல்லை. சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கொட்டகை எப்படிக் கொதிக்கும் என்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு மாதம் கிடந்த கேன்கூட வீரியம் குறையாமல் வேலை செய்தது. விலை பழையதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மிச்சமாகும் ஜிக்கர் நேரத்தைப் பார்த்தால் அது எனக்குக் கசக்கவில்லை.

கசந்தது விற்பனையாளரின் பேச்சு. "மாஸ்டர், நூற்றைந்து டிகிரியில் போட்டாலும் சாகாது. எரிமலை வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் என் மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, அவர் இரண்டு கதைகளைக் கலந்துவிட்டார்" என்றாள். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்தது தெர்மஸ் அக்வாட்டிகஸ். தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969-இல் அதை விவரித்து எழுதினார்கள். அதன் என்சைம் டிஎன்ஏவை நகலெடுக்கும். கொரோனா காலத்துப் பிசிஆர் சோதனைக்குப் பின்னால் இருந்தது அந்த வகைதான். எங்கள் கேனில் இருப்பதோ, லேபிளின்படி, பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் தரும் அமிலேஸ். அது மண்ணில் வாழும் சாதாரண பாக்டீரியா. ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டினாலே அது வளரத் திணறும். ஆனால் அது சுரக்கும் அமிலேஸ் தொண்ணூறில் துள்ளுகிறது. பெற்றவள் தாங்காத சூட்டைப் பிள்ளை தாங்குகிறது! எரிமலைக் கதையைவிட இந்த உண்மைக் கதை எனக்குச் சுவையாக இருக்கிறது. இதைச் சொல்லியே விற்றிருக்கலாம்.

நூற்றைந்து டிகிரி என்பது முழுப் பொய் இல்லை. அது குளுக்கோஸ் பாகு ஆலையின் கணக்கு. அங்கே முப்பது, முப்பத்தைந்து சதவீத மாவுக் கரைசலை நீராவியால் நூற்றைந்துக்கு ஏற்றி ஐந்து நிமிடம் போல வைத்து, பிறகு தொண்ணூற்றைந்துக்கு இறக்கி ஒன்றிரண்டு மணி நேரம் விடுவார்கள். கரைசல் கெட்டியாக இருப்பதால் மாவே என்சைமை அணைத்துக் காப்பாற்றுகிறது. போதுமான கால்சியமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ஜிக்கர் தொட்டியில் மாவும் குறைவு, கால்சியத்தைப் பற்றிக் கேட்பாரும் இல்லை.

இந்தக் கால்சியம்தான் எங்களை இரண்டு வாரம் அலைக்கழித்தது. முதல் ஐந்து மாதம் போர் தண்ணீரில் ஓட்டினோம். சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர், ஆனால் துணி அருமையாக வந்தது. கஞ்சி இருந்தால் நீலம் காட்டும் அயோடின் சொட்டு வைத்து டெகேவா அளவுகோலில் பார்த்தால் எட்டு. ஒன்பது என்றால் கஞ்சி சுத்தமாகப் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் ஆர்ஓ தண்ணீரை இந்த ஜிக்கருக்கும் திருப்பினார்கள். நல்ல தண்ணீர், இன்னும் நன்றாக வரும் என்று நானும் நம்பினேன். நான்கு வந்தது. மறுநாள் மூன்று. என்சைமைக் கூட்டிப் போட்டோம், அசையவில்லை. கேன் போலி என்று விற்பனையாளரிடம் சண்டை பிடித்தேன். அந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் தப்பில்லை.

இந்த அமிலேஸின் உடம்புக்குள் இரண்டு கால்சியம் அயனிகளும் நடுவே ஒரு சோடியமும் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கின்றன. அவை இருக்கும்வரை தொண்ணூறு டிகிரியிலும் அதன் புரத மடிப்பு குலையாது. ஆர்ஓ தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. போதாக்குறைக்கு, பழக்க தோஷத்தில் எங்கள் ஆள் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் மருந்தையும் ஊற்றிக்கொண்டிருந்தார். அது கால்சியத்தை எங்கே கண்டாலும் பிடுங்கும் சரக்கு. சூட்டில் மடிப்பு இளகிய என்சைமிடமிருந்து ஆணியைக் கழற்றிவிட்டால் எது மிஞ்சும்? அந்த மருந்தை நிறுத்தி, லிட்டருக்குக் கால் கிராம் கால்சியம் குளோரைடு சேர்த்தோம். அன்றைக்கே மீண்டும் எட்டு. கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னர் கருவியில் ஓடிவந்த தண்ணீருக்கும் இதே கதைதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காஸ்டிக் சோடாத் தொட்டிக்குப் போகும் முன் துணியை நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் அதே கால்சியம் துணியில் வெள்ளைப் படிவாக உட்காரும்.

இதில் ஒரு வரிகூட லேபிளில் இல்லை. "20 முதல் 110 டிகிரி வரை" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எந்தத் தண்ணீரில், எந்த பிஹெச்சில், எத்தனை நிமிடத்துக்கு? வேகமாக வேலை செய்வது வேறு, அந்த வேகத்தில் நெடுநேரம் உயிரோடிருப்பது வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்துவிடுகிறார்கள். அந்த இருபதும் ஏமாற்றுத்தான். துணியை நனைத்துச் சுருட்டி இரவு முழுவதும் கொட்டகையில் போட்டுவைக்கும் முறையில் ஒருமுறை முயன்றேன். விடிந்தபோது கஞ்சி பாதிகூடப் போகவில்லை. சூட்டைத் தாங்க இறுக்கிக் கட்டப்பட்ட உடம்பு, முப்பது டிகிரியில் விறைத்துக்கொண்டு சோம்பலாக இருக்கிறது. அந்த முறைக்குப் பழைய மலிவு வகையே மேல்.

அது சாகாமலிருப்பதும் ஒருநாள் வினையானது. என்சைம் அளக்கும் கோப்பையைக் கழுவாமல், ஃபினிஷிங் பிரிவுத் தம்பி அதிலேயே மாவு அள்ளி, துணிக்கு விறைப்பேற்றும் கஞ்சி காய்ச்சினார். பழைய வகையாக இருந்தால் கொதி வந்ததும் அடங்கியிருக்கும். இது அடங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அண்டா நிறையத் தண்ணீர். "மாஸ்டர், மாவு போட மறந்துட்டேனா?" என்று அவர் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். விளம்பரத்தில் போட வேண்டிய சோதனை!

சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஹெச் ஆறு, ஆறரையில் வையுங்கள். துணி ஆறிய பிறகு அயோடின் வையுங்கள். சூட்டில் நீல நிறம் தெரியாது, கஞ்சி இருந்தும் இல்லாததுபோல் காட்டும். சைசிங்கில், அதாவது பாவுக்குக் கஞ்சி போடும்போது, புளியங்கொட்டை மாவோ பிவிஏ என்ற செயற்கைப் பசையோ போட்டிருந்தால் எந்த அமிலேஸும் அதைத் தொடாது. முதலில் தறிக்காரரிடம் கேளுங்கள். திருப்பூர் நண்பர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. பின்னல் துணியில் பாவும் கிடையாது, கஞ்சியும் கிடையாது.

மதிப்பெண் கேட்டால் சரக்குக்கு ஐந்துக்கு நான்கு, லேபிளுக்கு ஒன்று. அந்த ஒன்றும் காலாவதி தேதியைத் தெளிவாக அச்சிட்டதற்காக. இந்த வாரம் மேலும் நான்கு கேன் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு மூட்டை கால்சியம் குளோரைடு, என்சைமுக்கென்று தனியாகச் சிவப்புக் கோப்பை இரண்டு.