பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் சேவை

கொவிட் காலச் சுகாதார சேவைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வைத்தியசாலைக் கட்டில்களைப் பற்றியே பேசுகிறார்கள். இலங்கையின் வடக்கே வன்னியின் உட்கிராமமொன்றில் வசிக்கும் எங்களுக்குக் கைகொடுத்தது படலைக்கே வந்த குடும்பநல உத்தியோகத்தரின், அதாவது தாய் சேய் நலத்தைக் கவனிக்கும் அரச மருத்துவமாதுவின், சேவைதான்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. பஸ் ஓடவில்லை, கிளினிக்கும் நின்றுபோயிருந்தது. குடும்பநல உத்தியோகத்தரோ முகக்கவசத்துடன் ஸ்கூட்டியில் வந்து, வேம்பின் கீழ் கதிரை போடச் சொல்லி, இரத்த அழுத்தம் பார்த்து, அளவுநாடாவால் வயிற்றை அளந்து பதிவேட்டில் குறித்தார். "கால் வீங்கினாலோ தலையிடித்தாலோ நேரம் பாராமல் எனக்கு எடுங்கோ அம்மா" என்று என்னிடமும் சொல்லிவைத்தார். பிள்ளை பிறந்த பின்னர் கிளையில் தராசைத் தொங்கவிட்டு அதன் நிறையைப் பார்த்தபோது, ஒரு வீட்டுத் துணி மற்றொரு வீட்டுக் குழந்தையின் மேல் படக்கூடாதென்று எங்கள் வீட்டுச் சேலைத் துணியையே கேட்டு வாங்கினார். இரண்டு, நான்கு, ஆறாம் மாதத் தடுப்பூசிகளுக்குக் கூட்டம் சேராதபடி ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே நேரம் சொல்லி அழைத்தார்.

ஊர்களைப் பிரிவுகளாக வகுத்து அவற்றுக்கெனச் சுகாதார ஊழியர்களை நியமிக்கும், 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பலம், யார் கர்ப்பிணி, எந்த வீட்டில் துணையின்றி ஒரு தாய் இருக்கிறாள் என்பதைத் தன் பதிவேட்டிலேயே வைத்திருக்கும் ஒருவர் ஊருக்குள் இருப்பதுதான். வன்னியில் இதற்குத் தனிப் பெறுமதி உண்டு. 2009 இல் யுத்தம் முடிந்தபோது செட்டிக்குளம் முகாம்களில் அடைபட்டிருந்த மக்களுக்கு, கொவிட் காலத்தில் சீருடையினர் பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு அச்சமூட்டியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலை மறைத்த குடும்பங்கள்கூட, பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் இவரும் வந்து நின்றபோது வாய் திறந்தன.

குறைகளும் இருந்தன, அவை அவருடையவை அல்ல. அயற்பிரிவின் வெற்றிடத்தையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது. தொலைபேசிச் செலவு அவருடைய கைக்காசு. 2021 இல் கொவிட் தடுப்பூசி நிலையங்களுக்கும் அவரை அழைத்தபோது வீட்டுத் தரிசிப்புகள் குறைந்தன. என் பேரப்பிள்ளையின் வளர்ச்சி வரைபடத்தில் அந்தக் காலத்து நிறைக் கோடு இடையிலே அறுந்து கிடக்கிறது. ஒரு நெருக்கடியைச் சமாளிக்க இந்தச் சேவையிலிருந்தே ஆளை எடுத்தது பிழையான முடிவென்றே நான் கருதுகிறேன்.

கர்ப்பம் உறுதியானவர்கள் எட்டு வாரத்துக்கு முன்னரே தங்கள் பிரிவு உத்தியோகத்தரிடம் பதிந்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.