ஆச்சியின் சேலைக்கு எந்த வெள்ளை?

அச்சிட எடுத்த ஆச்சியின் புகைப்படத்தில் அவர் கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. தலையும் முழு நரை. சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருப்பதெல்லாம் மை படாத தாள்தான். தாள் நீலம் பாரித்தால் சேலையும் நீலம் பாரிக்கும்.

எப்சன் பிரீமியம் கிளாஸி (பளபளப்புத் தாள், 255 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 255 கிராம்), ஹானமூலே ஃபோட்டோ ராக் (308), கான்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் (310) என மூன்று தாள்கள் கையில் இருந்தன. பின்னவை இரண்டும் முழுப் பருத்தி, பளபளப்பில்லாத மேட் வகை. தனித்தனியே பார்த்தால் மூன்றும் வெள்ளைதான். காலை வெயில் விழும் ஜன்னலோரம் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. எப்சன், சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி. கான்சன், புதுப் பருத்தி நூல். ஹானமூலே இடையில், கான்சன் பக்கம் சாய்ந்து நின்றது.

மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு உண்டு. துண்டுகளை அதன் கீழே நீட்டினேன். “இதிலும் கள்ள நோட்டா, தம்பி?” என்றார். எப்சன் பளீரென நீலமாக ஒளிர்ந்தது, ஹானமூலே மங்கலாக, கான்சன் இருண்டே கிடந்தது. தாளில் சேர்க்கும் ஆப்டிகல் பிரைட்னர் என்னும் ரசாயனம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. வெண்மையை அளக்கும் சிஐஇ எண் சில தாள்களில் 100ஐத் தாண்டுவது இதனால்தான்.

இரவில் கூடத்து எல்.இ.டி. விளக்கில் அதே துண்டுகளைப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் புற ஊதா அநேகமாக இல்லை. எப்சனின் நீலம் பாதி வடிந்துவிட்டது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டாலும் இதே கதைதான்.

பிரைட்னர் நாள்பட மங்கும். முன்பு பெயர் தெரியாத மலிவுத் தாளில் அச்சிட்டு மாட்டிய படத்தில் சேலை இப்போது பழுப்பு. உறைக்குள் கிடந்த பிரதியில் இன்னும் வெள்ளை.

கடலும் வானமும் என்றால் எப்சனையே எடுப்பேன். கறுப்பின் ஆழத்தில் மேட் தாள்கள் அதனிடம் தோற்கின்றன. ஆச்சிக்குக் கான்சன். ஒரு தாளின் விலையில் சாதாரண கிளாஸி ஒரு பொட்டலம் வாங்கலாம், போகட்டும். நரைமுடி இழை இழையாகத் தெரிகிறது, சேலையில் துவைத்துத் துவைத்து வந்த மென்மை இருக்கிறது.

எப்சன் பிரதியை அத்தை எடுத்துக்கொண்டார். “இதில்தான் அம்மா சேலை வெளுப்பாக இருக்கிறது” என்றார்.