நடக்குமா, நடக்காதா? கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி தளம் பற்றி

வெளிநாட்டு கிளையன்ட்களோடு தினமும் பேசுகிறவர்கள் 'மேபி', 'ப்ராபப்ளி' இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டால் "இட்ஸ் எ லாங் ஷாட்" என்று பதில் வரும், அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு இங்கே வேலையைத் திட்டமிட்டால் சிக்கல்தான், ஏனென்றால் அவர் சொன்னது முடிய வாய்ப்பு ரொம்பக் குறைவு, வேண்டுமானால் முயற்சி செய்து பார்க்கலாம் என்று. இந்த மாதிரி சொல்வழக்குகளைப் படிக்க என் முதல் சிபாரிசு கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரியின் இணையதளம். இலவசம், விளம்பரங்கள் மட்டும் நடுவில் வரும்.

எனக்குப் பிடித்தது, எந்த இடத்தில் பேசலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. 'ஃபேட் சான்ஸ்' (வாய்ப்பே இல்லை) என்று தேடிப் பாருங்கள், 'இன்ஃபார்மல்', அதாவது நண்பர்களிடம் பேசுகிற பேச்சு, என்ற குறிப்பு கூடவே இருக்கும். 'ஸ்லிம் சான்ஸ்' என்றாலும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் அதை மேனேஜருக்கு மெயிலில் தாராளமாக எழுதலாம். ஃபேட் சான்ஸில் ஒரு நக்கல் இருக்கிறது, கிளையன்ட்டிடம் சொன்னால் முகம் மாறிவிடும். நாட்டு வித்தியாசமும் தெரியும்: நடக்கவே நடக்காததற்கு பிரிட்டனில் 'பிக்ஸ் மைட் ஃப்ளை', அமெரிக்காவில் 'வென் பிக்ஸ் ஃப்ளை'. சொற்களுக்கு இரண்டு நாட்டு உச்சரிப்பையும் கேட்கலாம், போனில் பேசுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் அகராதி அகராதிதான். தேடியதற்கு அர்த்தம் கிடைக்கும், எது எதைவிட உறுதியானது என்ற வரிசையை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். என் நோட்டில் மேலே 'பவுண்ட் டு', அதாவது நடந்தே தீரும். அடுத்து 'சான்சஸ் ஆர்', 'தி ஆட்ஸ் ஆர்', இரண்டும் அநேகமாக நடக்கும் என்பதற்கு. நடுவில் 'டச் அண்ட் கோ', ஐசியுவில் இருப்பவர் பிழைப்பாரா என்பது போன்ற இழுபறிக்கு, இதைச் சாதாரண ஃபிஃப்டி ஃபிஃப்டிக்குப் போடாதீர்கள், கெட்டது நடந்துவிடுமோ என்ற பயம் இதில் உண்டு. அப்புறம் லாங் ஷாட், கடைசியில் 'நாட் எ ஹோப்', துளிக்கூட வாய்ப்பில்லை. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' இந்த வரிசையில் வராது, அது அத்திபூத்தாற்போல் எப்போதாவது நடப்பதற்கு, ஆனாலும் நிறைய பேர் இதையும் வாய்ப்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்திலேயே விளக்கம் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறவர்கள் தயங்காமல் தொடங்கலாம். இப்போதுதான் ஆங்கிலம் ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும், அதற்குப் பிறகு இங்கே வரலாம்.