சிங்கப்பூர்–நியூவார்க் எவ்வளவு தூரம்? கிரேட் சர்க்கிள் மேப்பருடன் ஆறு ஆண்டுகள்

மகள் நியூஜெர்சிக்குக் குடிபோன பிறகுதான் எனக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர் பழக்கமானது. உருண்டையான பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியையும் அதன் தூரத்தையும் காட்டும் இணையதளம் அது. நான் சிங்கப்பூர்வாசி. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவேன்.

வேலை சுலபம். இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் சிறு கோடு போட்டு அடித்தால் போதும். சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன், நியூஜெர்சியில் உள்ள நியூவார்க்குக்கு ஈடபிள்யூஆர். விடை 15,344 கிலோமீட்டர். அலகை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இதே தூரம் சாதாரண மைலில் 9,534, கடல் மைலில் 8,285. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் 2,000 கிலோமீட்டர் பிசகிவிடும்.

என்னைப் பிடித்து இழுத்தது அது வரைந்த கோடுதான். கிழக்கேயும் போகாமல் மேற்கேயும் போகாமல் நேரே வடக்கே ஏறுகிறது. தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா, வட துருவத்துக்கு இரண்டு டிகிரி பக்கம் வரை. அப்புறம் கனடா வழியாக இறக்கம். நம்ப முடியாமல், பேத்தியின் உலக உருண்டையை எடுத்து நூல் பிடித்துப் பார்த்தேன். நூலை இறுக்க இறுக்க அது மேலே நழுவி, உருண்டையின் உச்சியில் இருக்கும் இரும்புக் குமிழில் போய் முட்டி நின்றது. சுவரில் தொங்கும் தட்டை வரைபடம் இதைக் காட்டவே காட்டாது.

பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள முழு உருண்டையாக வைத்து நானே ஒருமுறை கணக்குப் போட்டேன். 15,335 வந்தது. ஒன்பது கிலோமீட்டர் எங்கே போனது? பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. நடுக்கோட்டு ஆரத்தைவிடத் துருவ ஆரம் சுமார் 21 கிலோமீட்டர் குறைவு. தளம் அந்தச் சப்பையையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. இந்த நுணுக்கத்துக்காகவே அதன் எண்ணை நம்புகிறேன்.

ஆனால் விமானம் பறக்கும் தூரம் இது இல்லை. நியூவார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலாகத்தான் போவார்கள்; பின்னாலிருந்து தள்ளும் மேற்குக் காற்று அங்கே கிடைக்கும். அந்தச் சுற்றில் தூரம் 16,000-ஐத் தாண்டிவிடும். 2016-இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியதும் இதே காற்றுக்காகத்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியும் நேரம் குறைந்தது. ஆகவே பயண நேரத்தை இந்தத் தூரத்தை வைத்துக் கணிக்காதீர்கள். திரும்பி வரும் நேரமும் வேறாகத்தான் இருக்கும்.

வழிகளை ஒப்பிட இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. இடையில் இன்னொரு குறியீட்டைச் சேர்த்தால் மொத்தத்தையும் கூட்டித் தருகிறது. பிராங்க்பர்ட்டில் இறங்கி நியூயார்க் கென்னடி விமான நிலையம் போனால், நேர்வழியைவிடச் சுமார் 1,100 கிலோமீட்டர்தான் கூடுதல். முழங்கால் வலியோடு பதினெட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார முடியாத என் மனைவிக்கு அந்த வழிதான் சரி என்று முடிவு செய்தோம். இப்போது போவது அப்படித்தான்.