பிளேட்டோவின் முப்பது ஆண்டும் ஐசோகிரட்டீஸின் நான்கு ஆண்டும்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் மகனை மேற்கொண்டு படிக்கவைக்க நினைத்த வசதியான தகப்பனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோகிரட்டீஸ் கி.மு. 390 வாக்கில் தொடங்கிய பள்ளி. மற்றது, சில ஆண்டுகள் கழித்து தத்துவஞானி பிளேட்டோ நிறுவிய அகாதெமி. முன்னதில் படிப்பு மூன்று நான்கு ஆண்டு. கட்டணம் 1,000 டிராக்மா என்பார்கள். கைத்தொழிலாளியின் நாள்கூலி ஏறக்குறைய 1 டிராக்மாவாக இருந்த ஊர் அது. அகாதெமியில் கட்டணமே இல்லை.

கட்டணத்தைவிடப் பெரிய பிளவு ஒன்று இருந்தது. நாளை என்ன செய்யவேண்டும் என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ள மனிதனால் முடியாது என்றார் ஐசோகிரட்டீஸ். பெரும்பாலான நேரங்களில் சரியான முடிவுக்கு வரக்கூடியவனே அவருக்கு அறிவாளி. அறிவில்லாத கருத்து குருடு என்றார் பிளேட்டோ. கல்வி எதற்கு, எத்தனை ஆண்டு, என்ன பாடம் என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கிறது.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூல் போடும் அட்டவணையைப் பாருங்கள் (அது இலட்சிய நகரத்துக்கானது, அகாதெமி அப்படியே நடந்ததாகக் கொள்ளவேண்டாம்). பதினேழு, பதினெட்டு வயதுவரை இசை, கவிதை, உடற்பயிற்சி. பிறகு இரண்டு மூன்று ஆண்டு கட்டாய உடற்பயிற்சி மட்டும். களைப்பும் தூக்கமும் படிப்புக்குப் பகை என்பதால் அப்போது பாடம் கிடையாது. இருபதில் ஒரு தேர்வு. முப்பதுவரை எண்கணிதம், தள வடிவியல், திண்ம வடிவியல், வானியல், இசைக்கணிதம். அவற்றுக்கிடையே உள்ள உறவையும் காணவேண்டும். மறுபடி வடிகட்டி, ஐந்து ஆண்டு தர்க்க விசாரணை. அடுத்த பதினைந்து ஆண்டு போர்ப்பொறுப்பும் நிர்வாகமும். இத்தனையும் தாண்டியவர் ஐம்பதில்தான் எல்லாவற்றுக்கும் மூலமான ‘நன்மை’யை நேருக்கு நேர் காண்கிறார். பெண்களுக்கும் இதே பாதைதான்.

தர்க்கத்தை ஏன் முப்பதுவரை ஒத்திப்போட வேண்டும்? வாதத்தின் ருசி கண்ட இளைஞர்கள், கிட்டே வந்தவரையெல்லாம் இழுத்துக் கடிக்கும் நாய்க்குட்டிகள் ஆகிவிடுகிறார்கள் என்கிறது நூல். பலரைத் தோற்கடித்து, பலரிடம் தோற்று, கடைசியில் முன்பு நம்பியது எதையும் நம்பாதவர்களாகிறார்கள், தத்துவத்துக்கும் கெட்டபெயர். அரைகுறைத் தர்க்கத்தின் சேதம் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் பதிவானதாகத் தோன்றவில்லை.

ஐசோகிரட்டீஸிடம் வரிசையே வேறு. இயல்பான திறமை முதலில், பயிற்சி அடுத்து, ஆசிரியரின் பாடம் அதற்கும் பிறகு. வடிவியலும் வானியலும் புத்தியைத் தீட்டும். கொஞ்சகாலம் படித்துவிட்டு விலகிவிட வேண்டும், அதிலேயே வறண்டுபோகக் கூடாது. முக்கியமான வேலை உரை எழுதுவது: பொருளைத் தேர்ந்தெடுப்பது, அடுக்குவது, இடமும் நேரமும் பார்த்துச் சொல்வது. தொண்ணூறு தாண்டிய வயதில் எழுதிய உரையொன்றை மூன்று நான்கு மாணவர்களுடன் உட்கார்ந்து திருத்தினார். அதில் ஏதென்ஸின் போட்டி நகரமான ஸ்பார்ட்டாவைத் தாக்கியிருந்ததால், ஸ்பார்ட்டாவைப் புகழும் பழைய மாணவர் ஒருவரையே வரவழைத்துக் குறைசொல்லச் சொன்னார். அந்த மறுப்பும் உரைக்குள்ளேயே இடம்பெற்றது.

இரண்டிலும் ஓட்டை உண்டு. ஐசோகிரட்டீஸ், கெட்ட இயல்புள்ளவரை நல்லவராக்கும் கலை எதுவும் இல்லை என்று தாமே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் நாவன்மை தவறான கையில் சேர்ந்தால் தடுக்க அவரிடம் வழியில்லை. பிளேட்டோவுக்கோ பொறுமையுள்ள மாணவன் வேண்டும். கி.மு. 367 வாக்கில் சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிரக்யூஸ் சென்று, அதன் இளம் அரசன் இரண்டாம் டயோனிசியஸுக்குக் கற்பிக்க முயன்றார். மண்ணைப் பரப்பி வடிவியல் வரைந்து வரைந்து அரண்மனையே புழுதியாயிற்று என்று பிற்காலத்தில் எழுதுகிறார் வரலாற்றாசிரியர் புளூட்டார்க். அரசன் மாறவில்லை. நான்கு ஆண்டில் ஒருவரைப் பொதுவாழ்வுக்குத் தயார்செய்ய ஐசோகிரட்டீஸின் வழிதான் உகந்தது என்பேன். எடுத்துக்கொண்ட அடிப்படைகளே சரியா என்று கேட்கக் கற்க அகாதெமிதான்.

அகாதெமியில் இருபது ஆண்டு இருந்த அரிஸ்டாட்டில் வேறு இலக்கைச் சொன்னார்: வேலை ஓய்வுக்காக, அந்த ஓய்வை நன்றாகக் கழிக்கத் தெரிவதே கல்வி. எனவே ‘அரசியல்’ நூலில் எழுத்து, உடற்பயிற்சி, இசை, வரைதல் என்ற நான்கையும் அலசுகிறார். நகரமே எல்லாருக்கும் பொதுவாக நடத்தவேண்டும் என்கிறார். சிறுவர்களைக் கடும் பயிற்சியில் வாட்டாதீர்கள், ஒலிம்பிக்கில் சிறுவராகவும் பெரியவராகவும் வென்றவர் இரண்டு மூன்று பேரே என்று கணக்குக் காட்டுகிறார். இசையைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே நூல் நின்றுவிடுகிறது. மேற்படிப்புக்கு அவர் என்ன பாடம் வைத்தார் என்ற பகுதி அதில் இல்லை.